பார்த்ததை மட்டும்

ஜூலை 3, திங்கள்

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள், ரஹ்மத் மேடம். மணி பன்னிரண்டே முக்கால். தன்விகா தூங்கினால்தான் எனக்குக் கை ஒழிகிறது, அவள் தூங்கியதே இப்போதுதான். தினமும் எழுதிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னீர்கள். இந்நேரத்தில் உங்கள் போன் அடித்தால் வீட்டில் யாராவது விழித்துக்கொள்வார்கள். காலையில் அனுப்புகிறேன்.

நோட்டின் முதல் பக்கத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்த வரியை இன்று நாலு தடவை படித்தேன். "பார்த்ததை மட்டும் எழுதுங்கள். நினைத்ததை எழுத வேண்டாம்."

திருநெல்வேலியில் உங்கள் பார்வைப் பயிற்சி மையத்தில் நீங்கள் சொன்னது எனக்குச் சரியாகப் புரிந்ததா என்று ஒரு முறை எழுதிப் பார்க்கிறேன். என் மகளின் கண்ணில் ஒரு குறையும் இல்லை. கண் படத்தை ஒழுங்காகத்தான் அனுப்புகிறது. அதை வாங்கி, இது அம்மா, இது சுவர், இது வெறும் வெளிச்சம் என்று பிரித்துச் சொல்கிற இடம் தலையின் பின்பக்கம் இருக்கிறது. ஸ்கேனில் தழும்பு தெரிந்தது அங்கே. பிறந்த இரண்டு மூன்று நாளில் ரத்தத்தில் சர்க்கரை ரொம்ப இறங்கியிருந்தால் அந்த இடம்தான் முதலில் அடிபடும். அவளுக்கு இப்போது பத்து மாதம். இரண்டு வயதுக்குள் மூளை வேறு பாதை போட்டுக்கொள்ள வாய்ப்பு உண்டு, ஆனால் சரியான படியிலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் படி எது என்பது நான் எழுதி அனுப்புவதை வைத்துத்தான் உங்களுக்குத் தெரியும்.

நான் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள், மேடம். விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழும் என்று படம் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதை நிமிர்த்துவது யார் என்று பரீட்சையில் கேட்கவில்லை.

நீங்கள் சொன்னபடி சுவரில் கறுப்புத் துணி. வீட்டில் இருந்த ஒரே கறுப்புத் துணி என் கணவருடைய சபரிமலை வேட்டி. சிவப்புப் பந்தில் வெள்ளித்தாள் சுற்றிக் குச்சியில் கட்டினேன். டிவி இல்லை, பேச்சு இல்லை.

காலை 10: பந்தைப் பார்த்தாள். இரண்டு முறை.
மதியம் 1: தூங்கிவிட்டாள்.
மாலை 5: பார்த்தாள். மூன்று முறை. கடைசியில் என்னையும் பார்த்துச் சிரித்தாள்.

உங்கள் படிவத்தில் "முதல் பால் எப்போது?" என்ற கேள்விக்கு எதிரே கோடு போட்டுவிட்டேன். எங்கள் பக்கத்தில் சேனை வைக்கிற பழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக ஒருவர் சீனித் தண்ணீர் தொட்டு வைப்பார். அவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். மணியெல்லாம் ஞாபகம் இல்லை.

ஜூலை 4, செவ்வாய்

காலை: பார்த்தாள். நாலு செகண்ட்.
மாலை: பார்த்தாள்.
குடிதண்ணீர் லாரி வரவில்லை.

ஜூலை 6, வியாழன்

அவருக்கு இந்த வாரம் பகல் ஷிப்ட். என் கணவர் லிங்கதுரை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏட்டி, இது என் சாமி வேட்டில்லா?"

"உங்க மக பந்து பாக்கணும்."

"ஐயப்பன் கோவிச்சுக்கிடப் போறாரு."

"சின்னப் பிள்ளைக்குத்தானே, கோவிக்க மாட்டாரு."

"அப்ப அவருக்கும் ஒரு பந்து வாங்கி வையி."

சட்டையைக்கூட மாற்றாமல் குச்சியை வாங்கித் தானே ஆட்டினார். தன்விகா தலையைத் திருப்பினாள். "பாத்தியா, பாத்தியா, எம்புட்டுக் கூர்மையா பாக்குதா!" என்று அவளைத் தூக்கிச் சுற்றினார். "நான் அறுபது அடி ஒசரத்துல இருந்து கண்டெய்னர் மூலையில கொக்கி விழுதான்னு பாத்துப் பூட்டுறவன். எம்மக பாக்குதாளா இல்லியான்னு எனக்குத் தெரியாதாக்கும்? அந்த ஸ்கேன் எடுத்தவன் கண்ணுல கோளாறு."

சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு இருவரும் ஒன்றாகச் சிரித்தோம்.

காலை: பார்த்தாள், ஐந்து முறை. மாலை: பார்த்தாள், எண்ணவில்லை.

ஜூலை 8, சனி

உங்கள் குரல் செய்தியை மூன்று முறை கேட்டேன். "ரிப்போர்ட் நல்லா இருக்கும்மா. நான் எதிர்பார்த்ததை விட வேகமா இருக்கு. அடுத்த படிக்குப் போயிருவோம். முக அட்டையை ஆரம்பிங்க." மூன்றாவது தடவை ஸ்பீக்கரில் போட்டு அவருக்கும் கேட்க வைத்தேன். அவர் போய் அரைக் கிலோ அல்வா வாங்கி வந்தார்.

சாயங்காலம் மதினி வீடியோ காலில் வந்தார்கள். தமயந்தி மதினி அவருடைய அக்கா. பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. எங்கள் இரண்டு குடும்பத்திலும் டாக்டர் பட்டம் வாங்கிய ஒரே ஆள். எனக்கு எம்.எஸ்ஸி. சீட்டு கிடைத்தும் வீட்டில் அனுப்பாதபோது, என் அப்பாவிடம் எனக்காகப் பேசிப் பார்த்தவர்கள் அவர்கள்தான். அப்போது எனக்கு நிச்சயம்தான் ஆகியிருந்தது.

"ரேகா, அவ போனைப் பாக்குறாளா, என் சத்தத்தைக் கேட்டுத் திரும்புறாளா?" என்று கேட்டார்கள்.

"உங்களைத்தான் மதினி பாக்குதா."

"நான் வாயை மூடிக்கிட்டு இருக்கேன். இப்பப் பாரு."

அதற்குள் நெட் போய்விட்டது. நான்தான் வைத்துவிட்டேன் என்று அவர்கள் நினைத்திருக்கக் கூடாது.

ஜூலை 11, செவ்வாய்

முக அட்டை. வெள்ளைத் தாளில் கறுப்புக் கண், மூக்கு, வாய். ஒரு அடி தூரத்தில் பிடித்தேன். தன்விகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி பிடித்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அழுதாள். பசி அழுகை எனக்குத் தெரியும், இது வேறு.

பல் முளைக்கிறது போல. நினைத்ததை எழுதக் கூடாது, தெரியும். ஆனாலும் ஈறு வீங்கித்தான் இருக்கிறது.

ஜூலை 12, புதன்

அழுதாள்.

ஜூலை 13, வியாழன்

அட்டையை எடுத்ததுமே தூங்கிவிட்டாள். இரண்டு தடவை. நிஜத் தூக்கமா என்று பார்க்க உள்ளங்காலில் தட்டினேன். நிஜத் தூக்கம். அட்டையை வைத்துவிட்டுக் கீரை ஆய்ந்தேன். பத்து நிமிடத்தில் விழித்துக்கொண்டு என் வளையல் சத்தத்துக்குக் கை காலை ஆட்டிச் சிரித்தாள்.

மேலே உள்ள கடைசி வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள்.

ஜூலை 15, சனி

காலை ஆறு மணி பஸ்ஸில் திருநெல்வேலி. அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நான் மட்டும் தன்விகாவோடு உங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தேன். நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், பஸ்ஸில் திரும்பும்போது பாதி மறந்தது போல இருந்தது.

நீங்கள் அட்டையைக் காட்டினீர்கள், அவள் அழுதாள். பந்தைக் காட்டினீர்கள், உங்கள் பந்து, வெல்வெட் துணி போர்த்தியது. அவள் அசையவே இல்லை. நீங்கள் என் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினீர்கள்.

"வீட்டுல அஞ்சு தடவை பாத்தான்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா மேடம். இங்க புது இடம்ல, அதான்."

"இருக்கலாம்மா." ஒரு தாளில் பென்சிலால் ஒரு கூட்டல் குறியும், அதற்கு வலப்பக்கம் நாலு விரல் தள்ளி ஒரு புள்ளியும் போட்டீர்கள். "இடது கண்ணை மூடுங்க. வலது கண்ணால கூட்டலை மட்டும் பாருங்க. தாளை மெதுவா கிட்ட கொண்டு வாங்க."

ஒரு இடத்தில் புள்ளி காணாமல் போனது.

"போயிட்டா? அந்த இடத்துல என்ன தெரியுது? ஓட்டையா, இருட்டா?"

"இல்ல மேடம். வெள்ளைத் தாள்தான் தெரியுது."

"அந்த இடத்துத் தாளை உங்க கண்ணு பாக்கவே இல்லம்மா. அங்க கண்ணுக்குப் பார்வையே கிடையாது, நரம்பு வெளிய போற துவாரம் அது. சுத்தி தாள் இருக்கே, அங்கயும் தாள்தான் இருக்கும்னு உங்க மூளை தானே போட்டு நிரப்பிக்கிட்டு. உங்களைக் கேக்கக்கூட இல்ல. நீங்க பொய் சொல்லல. நிஜமாவே தாளைப் பாத்தீங்க."

நான் தலையாட்டினேன். கண்ணாமூச்சி மாதிரி நன்றாகத்தான் இருந்தது.

"பிள்ளை முகத்தையும் அப்படித்தான் பாக்குறோம், எல்லாத் தாயும். அதனாலதான் சொல்லுறேன், ஒரு தடவை மட்டும் இதைச் செஞ்சு பாருங்க. வளையல், கொலுசு எல்லாத்தையும் கழட்டிருங்க. பூ வேண்டாம், பவுடர் வேண்டாம், வாசனை சோப்பு வேண்டாம். தாலிச் சங்கிலி சத்தம் போட்டா கழுத்தோட ஒட்டி உள்ள போட்டுக்கோங்க. செருப்பில்லாம வந்து அவ முன்னால உக்காருங்க. ஒரு வார்த்தை பேசக் கூடாது. போனை ஒரு பக்கமா நிறுத்தி வீடியோ எடுங்க. அவ எந்தப் படியில நிக்கிறான்னு அப்பதான் தெரியும். தப்பான படியில ஏத்தினோம்னா, பாக்குறதே வேதனைன்னு அவ மூளை கதவைச் சாத்திக்கும். அழுறால்லா, அது அதுதான்."

சரி என்றேன்.

ஜூலை 17, திங்கள்

செய்யவில்லை. இன்று ஆடி ஒன்று. ஆடி பிறந்த அன்றைக்கு வளையலைக் கழற்ற மனசு வரவில்லை. வருகிற சனிக்கிழமை ஆடிப்பூரம், கோயிலில் அம்மனுக்கே வளையல் சாத்துகிற வாரம். உங்களுக்கு இது விளையாட்டாகத் தெரியலாம். எனக்கும் இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அவர் அறுபது அடி உயரத்தில் வேலை செய்கிறார்.

ஜூலை 18, செவ்வாய்

செய்தேன்.

காலை பதினோரு மணி. கண்ணாடி வளையல் பன்னிரண்டு, தங்க வளையல் இரண்டு, கொலுசு, மெட்டி. சோப்புத் தண்ணீர் விட்டுத்தான் தங்கம் கழன்றது. பூவை எடுத்தேன். முகம் கழுவினதில் பொட்டும் போய்விட்டது, மறுபடி வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. தாலியைக் கழுத்தோடு ஒட்டி ஜாக்கெட்டுக்குள் போட்டேன். கறுப்பு வேட்டிக்கு முன்னால் தன்விகாவைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார்த்தி, போனை நாற்காலியில் நிறுத்தி, பூனை மாதிரி வந்து எதிரில் உட்கார்ந்தேன்.

ஒன்பது நிமிடம் ஆகியிருக்கும். அவர் உள்ளே வந்துவிட்டார். காற்று அதிகம் என்று கிரேனை நிறுத்தி அனுப்பிவிட்டார்களாம்.

"என்னட்டி இது கோலம்?"

நான் உதட்டில் விரலை வைத்தேன்.

"நான் என்ன செத்தா போயிட்டேன்?"

தன்விகா அவர் குரலுக்குத் திரும்பிச் சிரித்தாள்.

"மேடம் சொன்னாங்க. பிள்ளைக்கு சத்தம் கேக்கக் கூடாதாம்."

"எந்த மேடம் சொன்னா? வேலைக்குப் போனவன் திரும்பி வரும்போது பொண்டாட்டி இப்படியா உக்காந்திருப்பா? நெத்தியில ஒரு பொட்டுகூட இல்ல! காத்துல தொங்கிட்டு வாரேன்ட்டி நானு!"

கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். பயம். டம்ளருக்குள் போட்டு வைத்திருந்த வளையல்களை எடுத்து ஒவ்வொன்றாக அவரே என் கையில் ஏற்றினார். அவசரத்தில் ஒன்று உடைந்து மணிக்கட்டில் கீறிவிட்டது. துடைத்துவிட்டார். அப்புறம் இருவரும் சாப்பிட்டோம். சுறாப் புட்டு செய்திருந்தேன். நன்றாக இருக்கிறது என்றார்.

வீடியோவை இன்னும் பார்க்கவில்லை.

ஜூலை 19, புதன்

மாவு ஆட்டினேன். துணி துவைத்தேன். ரேஷன் கடையில் பாமாயில் வந்திருந்தது, வாங்கினேன். தன்விகாவுக்கு நகம் வெட்டினேன். வீடியோ பார்க்கவில்லை, போனில் சார்ஜ் இல்லை.

சார்ஜ் இருந்தது.

ஜூலை 20, வியாழன்

பார்த்தேன். பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

வீடியோ ஒன்பது நிமிடம் நாற்பது செகண்ட். நான் வந்து உட்காருகிறேன். தன்விகா நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் முகம் அவளிடமிருந்து ஒன்றரை அடி. அவள் கண் ஒரு முறை என் மேல் வந்தது. நிற்கவில்லை. கறுப்பு வேட்டியைத் தாண்டிப் போவது போல என்னையும் தாண்டி ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய்விட்டது. அப்புறம் மறுபடி மின்விசிறி. நாலாவது நிமிடத்தில் உதட்டைப் பிதுக்கினாள். பசிக்கிற நேரம், என்னைத் தேடினாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, எதிரில் உட்கார்ந்திருக்கும் என்னை, வேறு எங்கோ தேடினாள்.

வீடியோவில் நானும் இருக்கிறேன். நாலாவது நிமிடத்தில் நான் சிரிக்கிறேன். அவள் என்னைப் பார்த்துவிட்டாள் என்று நினைத்துச் சிரிக்கிறேன். அந்த இடத்தில் அவள் என்னைப் பார்த்ததாகத்தான் எனக்கு ஞாபகம். அன்றைக்கே நான் எழுதியிருந்தால் "4-வது நிமிடம்: பார்த்தாள்" என்று எழுதியிருப்பேன். நோட்டை வைத்துச் சத்தியமாக எழுதியிருப்பேன்.

அவரிடம் போனைக் கொடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்து மூன்று தடவை பார்த்தார். மூன்றாவது தடவை படத்தை நிறுத்தி, விரலால் பெரிதாக்கி, அவள் கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஃபேனைப் பாக்குதா."

"ஆமா."

"ஒன்னைப் பாக்கவே இல்லட்டி."

"ஆமா."

"நான் வந்த பொறவு சிரிக்காள்ளா, அதுகூட என் சத்தத்துக்குத்தான்." போனைக் கவிழ்த்து வைத்தார். "இம்புட்டு நாளும் நான் எதைட்டி பாத்தேன்?"

நாளைக்கு ஷிப்டுக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார். கண்ணை நம்பி மேலே ஏற முடியவில்லை என்று என்னிடம் சொன்னார்.

ஜூலை 22, சனி

இந்தப் பக்கத்தை உங்களுக்கு அனுப்புவதாக இல்லை.

ஆடிப்பூரத்துக்கு மதினி வந்தார்கள். இவர் அக்காவுக்குப் போன் பண்ணி அழுதாராம், அதனால் வந்தார்கள். குழந்தையைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார்கள். பேசாமல் வைத்திருந்தார்கள். பின்பு என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

"ரேகா, ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படிச்சேன். சர்க்கரை இறங்கினதுனால வந்ததுன்னு போட்டிருக்கு. சும்மா இறங்காது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொறந்தா. முதல் பால் எப்பக் குடுத்தீங்க?"

நான் அடுப்பைத் துடைத்தேன்.

"நான் ஞாயித்துக்கிழமை காலையில வந்தேன். சீனித் தண்ணி தொட்டு வைக்கச் சொன்னீங்க. நாக்குல வச்சேன், சப்பவே இல்ல, துணி மாதிரி கெடந்தா. நான்தான் நர்ஸைக் கூப்பிட்டேன். அதுக்கு முன்னால பால் குடுத்திருந்தீங்கள்லா?"

"சேனை வைக்காம குடுக்கக் கூடாதுன்னு…"

"வெள்ளிக்கிழமையில இருந்தா?" மதினியின் குரல் இறங்கிவிட்டது. "எனக்காகவா? எனக்கு மீட்டிங், ஒரு நாள் தள்ளிப் போகும்னு சனிக்கிழமையே போன் பண்ணினேனே. அதுக்குப் பொறவுமா?"

துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தேன்.

"யாரு சொன்னது அப்படி?"

"அம்மா சொன்னாங்க மதினி. எங்க அம்மா."

மதினி தன் வலது கையின் ஆட்காட்டி விரலைப் பார்த்தார்கள். அதைப் புடவையில் துடைக்கவில்லை, கழுவவில்லை, ஒன்றும் செய்யவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "என் அறிவு வரணும்னா வெயிட் பண்ணினாங்க?" என்றார்கள். சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது. சாப்பிடாமல் மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். போகிற வழியில் என் அம்மாவுக்குப் போன் பண்ணியிருக்கிறார்கள்.

அம்மா என்னைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. பதினோரு தடவை கூப்பிட்டிருக்கிறாள்.

ஜூலை 23, ஞாயிறு

அம்மா கோவில்பட்டியிலிருந்து நேரில் வந்துவிட்டாள். வாசலில் செருப்பைக் கழற்றவில்லை. உள்ளேயும் வரவில்லை. அவரும் வீட்டில் இருந்தார்.

"தமயந்தி என்னைக் கேட்டா, ஏன் பிள்ளையைப் பட்டினி போட்டீங்கன்னு. ஆமான்னு சொல்லிட்டேன். நான்தான்னு சொல்லிட்டேன்" என்றாள். எனக்கு மட்டும் கேட்கும்படி குரலைத் தாழ்த்தினாள். "ஒன் வீட்டுக்காரருக்கும் அப்படியே இருந்துட்டுப் போகட்டும். அதைச் சொல்லத்தான் வந்தேன். போன எடுக்க மாட்டங்கியே."

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா தன்விகாவைத் தூரத்தில் இருந்தே பார்த்துவிட்டு, வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போனாள். ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக்கூட என் கால் நகரவில்லை.

ஜூலை 24, திங்கள்

மேடம், சனி, ஞாயிறு இரண்டு பக்கத்தையும் இதோடு சேர்த்து அனுப்புகிறேன்.

அம்மா சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை சிசேரியன் முடிந்து கண் விழித்ததும் அம்மா பிள்ளையை மார்பில் போட வந்தாள். வேண்டாம், மதினி வந்து சேனை வைக்கட்டும், காலையில் வந்துவிடுவார்கள் என்றேன். எனக்குக் கிடைக்காதது இவளுக்குக் கிடைக்கட்டும் என்று நினைத்தேன். இயற்பியல் படித்தவள் நான். அம்மா ஐந்தாவது வரை படித்தவள், அவள்தான் "பச்ச மண்ணு ராத்திரி பூரா எப்படிட்டி கெடக்கும், நாமளே தொட்டு வச்சிருவோம்" என்று கெஞ்சினாள். நான் சண்டை போட்டேன்.

சனிக்கிழமை மதினி வரவில்லை என்று தெரிந்ததும் பால் கொடுக்கப் பார்த்தேன். அது உண்மை. பிள்ளை தூங்கிக்கொண்டே இருந்தது. எழுப்பினாலும் எழவில்லை. அழவே அழாத சமத்து என்று அந்த வார்டில் எல்லோரும் சொன்னார்கள். நர்ஸ் மூன்று முறை வந்தாள். "பால் குடிச்சுதா? இல்லன்னா சொல்லுங்க, டாக்டரைக் கேட்டு பவுடர் பால் கரைச்சுத் தாரேன்." மூன்று முறையும் "குடிச்சிட்டா சிஸ்டர்" என்றேன். பால் வராத தாய் என்று அந்த வார்டில் யாரும் என்னைச் சொல்லக் கூடாது என்று இருந்தது. ஆனால் அது மட்டும் இல்லை. அவள் உதடு அசைந்ததை நான் பார்த்தேன், மேடம். குடிப்பதைப் பார்த்தேன். இப்போதும் கண்ணை மூடினால் அவள் குடிப்பதுதான் தெரிகிறது. இதை நான் என்னவென்று எழுதுவது? பொய் என்றா?

பந்தும் அப்படித்தான். நான் சுற்றியிருந்த வெள்ளித்தாள் ஆட்டும்போது சரசரக்கும். நீங்கள் சத்தமில்லாமல் என்று சொல்லியிருந்தீர்கள். முதல் நாளே சத்தம் எனக்குக் கேட்டது. எழுதவில்லை. அவள் திரும்பியது கண்ணுக்குத் தெரிந்தது, சத்தம் காதிலேயே நின்றுவிட்டது. அதை நம்பி நீங்கள் முக அட்டைக்கு ஏற்றினீர்கள். அவள் அழுதாள். பல் என்று எழுதினேன்.

இந்த நோட்டில் ஜூலை 3 முதல் 6 வரை "பார்த்தாள்" என்று இருக்கும் எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

இன்று மத்தியானம் அவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும், வரிசையாக. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து கோவில்பட்டிக்குப் போயிருக்கிறார், அம்மாவைப் பார்க்க. இன்னும் வரவில்லை. மதினிக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். படித்துவிட்டார்கள் என்று மட்டும் காட்டுகிறது.

அவர் போன பிறகு தாளை உரித்துவிட்டு வெறும் சிவப்புப் பந்தை வைத்துப் பத்து நிமிடம் பார்த்தேன். வளையல் இல்லாமல், பேசாமல். பந்து சும்மா நின்றபோது: பார்க்கவில்லை. மெதுவாக ஆட்டியபோது: ஏழாவது நிமிடத்தில் ஒரு தடவை அவள் தலை பந்து போன பக்கம் போனது. ஒரு செகண்ட். பந்து நின்றதும் போய்விட்டது. அது பார்வையா, தலை தானாகத் திரும்பியதா, எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதுகிறேன்.

18-ம் தேதி எடுத்த வீடியோவை அனுப்பியிருக்கிறேன். நீங்களே பாருங்கள், என்னைக் கேட்காதீர்கள். மூன்று வாரம் போய்விட்டது. முதல் படியிலிருந்து மறுபடி தொடங்கலாமா, அல்லது அட்டையால் அவள் கண்ணை மூடிப் பழகிவிட்டாளா? புதன்கிழமை அழைத்து வரட்டுமா? எந்த நேரமானாலும் பரவாயில்லை, சீக்கிரம் பதில் போடுங்கள்.